நெருங்க விதைத்த மொச்சை

இந்தக் கதையை எனக்கு முதலில் சொன்னவர், வெள்ளிக்கிழமை பஜனைக்கு ஆர்மோனியம் வாசிக்கும் பிரம்மநாயகி அக்கா. என் கடைக்குட்டி ஓசூர் வேலைக்குப் பெட்டி கட்டிய வருஷம் அது.

ஆழ்வார்குறிச்சிப் பக்கம் ஆற்றங்கரையில் ஒரு சின்ன மடம் இருந்தது. அங்கிருந்த சாமிக்கு முப்பது வயதுகூட இருக்காது. அவரிடம் சிஷ்யையாக வந்து சேர்ந்த சங்கரவடிவுக்கோ பேரன் எடுக்கிற வயது. அவளுடைய ஒரே மகன் கோபித்துக்கொண்டு சூரத்துக்குப் போய்விட்டான். காலை, மத்தியானம், ராத்திரி என்று அவள் போன் போட்டுப் போட்டு, இப்போது அவன் எடுப்பதே இல்லை.

“மடத்து நிலத்துல மொச்சை போடுங்கம்மா” என்றார் சாமி.

அவள் ஒரு வேண்டுதல் வைத்துக்கொண்டாள். ஒவ்வொரு விதைக்கும் ஒரு தடவை, ‘முருகா, என் பிள்ளை வரணும்’ என்று சொல்ல வேண்டும். உழவு ஓட்ட வந்த மாடசாமியையும் அவள் விடவில்லை. திரும்பத் திரும்ப ஓட்டவைத்தாள். மண் திருநீறு மாதிரி ஆகிவிட்டது.

“ஆச்சி, இது மொச்சைக்கா, மூக்குப்பொடிக்கா?”

“என் பிள்ளைக்குய்யா. வாயை மூடிட்டு ஓட்டு.”

நிலமோ கையளவு, வேண்டுதலோ பெரிசு. விரல் வைக்க இடமில்லாமல் விதைத்துத் தீர்த்தாள்.

அன்று சாயங்காலமே மழை அடித்தது. பின்னாலேயே வெயில். பொடி மண் அடையாக இறுகிப்போனது. முளை வருகிற நாள் வந்தும் ஒன்றையும் காணோம்.

“சாமி, அவனும் வரலை, இதுவும் வரலை. இன்னும் எப்படித்தான் வேண்டுறது?”

சாமி வயலில் குந்தி, நகத்தால் ஒரு மண் ஏட்டைப் பெயர்த்தார். அடியில் ஒரு முளை, கழுத்தை வளைத்து முட்டிக்கொண்டிருந்தது. பக்கத்தில் இன்னொன்று கழுத்தொடிந்து கிடந்தது.

“எல்லாம் முளைச்சுதான் இருக்கும்மா. அளவுக்கு மேல பொடிச்ச மண்ணு, மூடிக்கிடுச்சு.”

இரண்டு பேருமாகத் தண்ணீர் தெளித்து, விரலால் ஏடு ஏடாக உடைத்துவிட்டார்கள். கொஞ்ச நாளில் பயிர் கோரைப்புல் மாதிரி நெருக்கியடித்து எழுந்தது. எல்லாம் வெளிறி, மெலிந்து, வெளிச்சத்துக்கு எட்டி எட்டிப் பார்க்கிற செடிகள்.

சாமி பிடுங்கத் தொடங்கினார். சங்கரவடிவு பாய்ந்து அவர் கையைப் பிடித்தாள்.

“ஐயோ, வேண்டாம் சாமி! ஒவ்வொண்ணும் அவன் பேரைச் சொல்லிப் போட்டது!”

“பிள்ளை வரணும்னு போட்டது எது, வராமப் போயிடுவானோன்னு போட்டது எது? காட்டுங்க. வரணும்னு போட்டதைத் தொடமாட்டேன்.”

அவள் வெகுநேரம் பார்த்தாள். எதையும் காட்ட முடியவில்லை. கையை எடுத்துக்கொண்டாள்.

சாமி முழத்துக்கு ஒரு செடியை விட்டு, மற்றதைப் பிடுங்கிக்கொண்டே போனார்.

“இவ்வளவு இடம் சும்மாக் கிடக்குதே, சாமி?”

“சும்மா இல்லம்மா. அது கொடி வர்ற வழி.”

சங்கரவடிவு குனிந்து, அடுத்த செடியைத் தானே பிடுங்கினாள்.

இதைக் கேட்டவர்கள் இன்றைக்கு விளக்கேற்றும்போது அவள் பிள்ளையையும் நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு தடவை போதும்.