சுற்றுகிறது, பிடிக்கவில்லை

கொல்லிமலை மேலே ஒரு சின்ன ஆசிரமம். அதன் குரு ஞானாம்பிகை அம்மையாருக்கு வயது இன்னும் நாற்பதைத் தாண்டவில்லை. சீடர் வேலப்பனுக்கோ தலை முழுக்க நரை. நாமக்கல்லில் பாதி ஆயுளை லாரிக்கு அடியில் படுத்தே கழித்தவர். மனைவி போன பிறகு பட்டறையை மகனிடம் விட்டுவிட்டு மலையேறி வந்துவிட்டார்.

வந்த நாளிலிருந்து அவருக்கு ஒரே கேள்வி.

“ஏனுங்கம்மா, காலையிலயும் ஜபம், சாயந்திரமும் ஜபம். நாக்குத்தான் தேயுது. உள்ளே ஒண்ணும் நடக்கலீங்களே?”

“நடக்கலைன்னு எப்படித் தெரியுது?”

“சில வண்டிக்குச் செல்ஃப் அடிச்சா இன்ஜின் சுத்தும், ஆனா பிடிக்காது பாருங்க. அதாட்டந்தானுங்க. சுத்துது, பிடிக்கல.”

“அப்படி ஒரு வண்டி வந்தா நீங்க என்ன பண்ணுவீங்க?”

வேலப்பனுக்கு உற்சாகம் பொங்கிவிட்டது. “டீசல் வருதான்னு பாப்பேன். வந்தா, லைன்ல ஏர் பிடிச்சிருக்கான்னு பாப்பேன். அப்புறம் பம்பு, நாசில்… ஒவ்வொண்ணாக் கழிச்சுக்கிட்டே வந்தா கடைசியில திருடன் மாட்டிக்குவான். என் கைக்கு வந்து பிடிக்காமப் போன வண்டி கிடையாதுங்க.”

“அப்ப இதையும் பாத்துருவீங்க” என்று சொல்லிவிட்டு அம்மையார் கீரை ஆயப் போய்விட்டார்.

அவர் அப்படித்தான். கேட்டவர் தலையிலேயே கேள்வியைக் கட்டிவிட்டு நகர்ந்துவிடுவார்.

ஆசிரமத்தில் ஒரு பழைய டீசல் ஜீப் இருந்தது. சுற்றுவட்டாரக் கிராமங்களில் யாருக்கு முடியாமல் போனாலும் அதில்தான் அடிவாரத்து ஆஸ்பத்திரிக்கு இறக்குவார்கள். ஓட்டுகிறவர் சடையன். மலைக்காரர், இரண்டு பிள்ளைக்குத் தகப்பன். அதட்டினால்கூடத் தரையைப் பார்த்துச் சிரிக்கிற மனிதர்.

ஆயுத பூஜை வந்தது. முந்தின நாளே ஜீப்பை வேலப்பன் தன் கையால் கழுவினார். சடையனை பானெட்டுப் பக்கமே அண்டவிடவில்லை. ஏர் ஃபில்டரைக் கழற்றித் தட்டி, இன்ஜின் மேலிருந்த பிசுக்கையெல்லாம் தண்ணீர் பீய்ச்சிப் போக்கி, எல்லாவற்றையும் திரும்ப மாட்டினார். சந்தனம், குங்குமம், மாலை. நாலு சக்கரத்தடியிலும் எலுமிச்சம்பழம். அவருடைய ஸ்பேனர்களும் பொட்டு வைத்துக்கொண்டு தட்டில் உட்கார்ந்தன. பூஜையில் வைத்ததை அன்றைக்குத் தொடக்கூடாது. மறுநாள் விஜயதசமிக்குத்தான் வண்டியைக் கிளப்பி, பழத்தை நசுக்கிக்கொண்டு போவது வழக்கம்.

விஜயதசமி அன்று விடிந்ததும் நாலு பேர் ஒரு கட்டிலைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்கள். கட்டிலில் வெள்ளச்சி. நிறைமாதம். குழந்தை குறுக்கே கிடக்கிறது என்று மருத்துவச்சி கையை விரித்துவிட்டாள். ஆம்புலன்ஸுக்குச் சொல்லியாயிற்று. அது அத்தனை கொண்டை ஊசி வளைவும் ஏறி வருவதற்குள் என்ன வேண்டுமானாலும் ஆகலாம்.

பின் இருக்கையை மடக்கி வெள்ளச்சியைக் கிடத்தினார்கள். சடையன் சாமியைக் கும்பிட்டுச் சாவியைத் திருப்பினார்.

இன்ஜின் சுற்றியது. பிடிக்கவில்லை.

மறுபடியும் திருப்பினார். மறுபடியும் சுற்றல்தான்.

“தள்ளுடா அங்கிட்டு!” வேலப்பன் பாய்ந்தார். தட்டிலிருந்து ஸ்பேனரை அள்ளிக்கொண்டு பானெட்டைத் திறந்தார். டீசல் வந்தது. லைனைத் தளர்த்திக் கையால் பம்பு அடித்தார், ஒரு குமிழிகூட இல்லை. நாசில் வரைக்கும் டீசல் போனது. பிசகு எங்கேயும் இல்லை.

“அடிடா!”

சுற்றியது. இந்த முறை கொஞ்சம் சோம்பலாக. பேட்டரி இறங்க ஆரம்பித்துவிட்டது.

“ஏர் ஃபில்டரை ஒருக்கா…” என்று சடையன் இறங்கி வந்து இழுத்தார்.

“அது நான் மாட்டினதுடா! அதுல என்னத்தப் பாக்கறது?”

உள்ளேயிருந்து வெள்ளச்சி அலறினாள். பக்கத்தில் உட்கார்ந்து ஈரத்துணியால் அவள் நெற்றியைத் துடைத்துக்கொண்டிருந்த அம்மையார் நிமிர்ந்து பார்த்தார். வேலப்பனுக்கு உடம்பெல்லாம் பதறியது. பதற்றம் கோபமாக மாற எவ்வளவு நேரம் ஆகும்?

“டீசல் எங்கடா போட்டே? கேன்ல மலிவா வாங்கி ஊத்தினியா?”

“கேன்லதானுங்க வாங்கினேன், ஆனா பங்க்லதானுங்க…”

பளாரென்று ஒரு அறை விழுந்தது.

கூடியிருந்தவர்கள் உறைந்துபோனார்கள். ஆசிரமத்தில் ஈ எறும்பைக்கூட ஊதித்தான் நகர்த்துவார்கள். அங்கே கை நீட்டியாயிற்று. வேலப்பன் அதோடும் நிற்கவில்லை. தண்ணீர் கலந்த டீசல், திருட்டுப் பயல், உன் குலமே இப்படித்தான் என்று வாயில் வந்ததையெல்லாம் கொட்டினார். பட்டறைக் காலத்துக் கெட்ட வார்த்தைகள் மாலை போட்ட ஜீப்பின் முன்னால் வரிசை கட்டி வந்தன. சடையன் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு ஸ்டியரிங் முன்னால் போய் உட்கார்ந்துவிட்டார்.

அம்மையார் இறங்கி வந்தார். யாரையும் தொட்டுப் பேசாதவர் அவர். நேரே வேலப்பனிடம் வந்து, கையிலிருந்த ஈரத்துணியை அவர் வாயிலும் மூக்கிலும் வைத்து அழுத்தினார்.

வேலப்பன் அரண்டுபோனார். குருவின் கையைத் தட்டிவிடவும் முடியவில்லை, மூச்சு விடவும் முடியவில்லை. நெஞ்சு இழுக்கிறது, காற்று வரவில்லை. கண் பிதுங்கியது. ஈரத்துணி… துணி…

சட்டென்று விலகினார். முகம் வெளிறிவிட்டது.

ஏர் ஃபில்டரைக் கழற்றினார். அதற்குப் பின்னால் இன்ஜினுக்குக் காற்றுப் போகிற குழாய்க்குள் விரலை விட்டார். ஈரத்தில் ஊறிய ஒரு மஞ்சள் துணி வந்தது. கழுவும்போது தண்ணீர் உள்ளே இறங்கிவிடக் கூடாதே என்று அவரே திணித்தது. எடுக்க மறந்து, அதன் மேலேயே ஃபில்டரை மாட்டியிருந்தார்.

ஐயோ, பாவி! தலையில் இடி விழுந்தாற்போல நின்றார். பிறகு துணியைச் சுருட்டி வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டார். பானெட்டு மறைவில் அதைப் பார்த்தது அம்மையார் ஒருவர்தான்.

“அடி” என்றார், காற்றுப் போன குரலில்.

கடைசி மூச்சைப் பிடித்துக்கொண்டு செல்ஃப் சுற்றியது. இன்ஜின் பிடித்தது. பழங்களை நசுக்கிக்கொண்டு ஜீப் பறந்தது.

வேலப்பன் அம்மையாரின் காலில் விழுந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார். “காத்துத்தான் அடைச்சிருக்குதுன்னு எப்படிம்மா கண்டுபிடிச்சீங்க?”

“எனக்கு இன்ஜினைப் பத்தி என்ன தெரியும்? பிள்ளைத்தாச்சி காதுல அந்தப் பேச்செல்லாம் விழ வேண்டாமேன்னு உங்க வாயை மூடினேன்.”

வேலப்பன் எழுந்து போய் வேப்பமரத்தடியில் உட்கார்ந்தார். அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. இடுப்பில் துணி காயவும் இல்லை.

மத்தியானத்துக்கு மேல் ஜீப் திரும்பியது. சடையன் இறங்கினார். கன்னத்தில் விரல் தடம் அப்படியே இருந்தது.

“தாயும் பிள்ளையும் பிழைச்சுக்கிட்டாங்கம்மா. ஆம்பளைப் பிள்ளை. இன்னும் கொஞ்சம் தாமதிச்சிருந்தா ரெண்டு உசுரும் தங்கியிருக்காதுன்னு டாக்டர் வைதாரு.”

மற்றவர்கள் கைகூப்பினார்கள். சடையன் சாவியை அம்மையாரின் காலடியில் வைத்தார்.

“இனி நான் இதைத் தொடலீங்கம்மா.”

“ஏன்?”

“ஐயா சொன்னது சரிதானுங்க. போற வழியெல்லாம் யோசிச்சேன். போன வாரம் மழையில கேன் மூடியைச் சரியா இறுக்கல போலிருக்குது. தண்ணி இறங்கியிருக்கும். அடிச்சதோட விட்டாரே, அது அவரு பெருந்தன்மை. என்னால ரெண்டு உசுரு போகப் பாத்துச்சு.”

சொல்லிவிட்டு வேலப்பன் பக்கம் திரும்பிக் கும்பிட்டார்.

வேலப்பன் அந்தக் கும்பிட்ட கையையே பார்த்தார். தான் அறைந்த அறையை இந்த மனிதன் தன் கணக்கிலேயே எழுதிக்கொண்டுவிட்டானே! எழுந்து நின்றார். வாயைத் திறந்தார். “சடையா, அது வந்து…” என்றார். மூடினார். மறுபடியும் திறந்தார். “என்னன்னா…” அதற்கு மேல் வரவில்லை. நாக்கு மட்டும் உள்ளே உருண்டது. கை தானாக இடுப்புக்குப் போய், துணி செருகியிருந்த இடத்தை மூடிக்கொண்டது.

எல்லோரும் அவரையே பார்த்தார்கள். அம்மையாரும் பார்த்தார்.

“சுத்துது, வேலப்பன்” என்றார் அம்மையார். “துணியை எடுங்க.”