இரண்டு ஓலையில் ஒரே பெயர்

வெகு காலத்துக்கு முன்னால் நாவற்குடி என்னும் நாட்டை வில்லவராயன் என்ற ராஜா ஆண்டுவந்தான். கெட்டவன் என்று சொல்ல முடியாது. நினைத்தது நினைத்தவுடன் நடக்க வேண்டும் அவனுக்கு, அவ்வளவுதான்.

ஒரு வருஷம் ஆடி பிறந்ததும் ஊரில் வாந்திபேதி கண்டது. அப்போது அங்கே பேர்பெற்ற வைத்தியர்கள் மூன்று பேர். அரண்மனை வைத்தியர் ஆதித்த நம்பி, கடைத்தெருவில் மருந்துக்கடை வைத்திருந்த ஹக்கீம் பீர் இஸ்மாயில், பிள்ளைப்பேற்றுக்கு ஊரே தேடிப்போகும் மருத்துவச்சி பூவாயி. மூவருமே கைராசிக்காரர்கள், ஆனால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க மாட்டார்கள். அதிலும் மற்ற இருவரின் வாசலில் கூட்டம் நின்றால் நம்பிக்கு அன்றைக்குச் சோறு இறங்காது.

ராஜாவுக்கு ஒரு யோசனை தோன்றியது. அதிகம் பேரைப் பிழைக்க வைப்பவருக்கு 'வைத்திய சூடாமணி' பட்டமும் யானைமேல் ஊர்வலமும் உண்டு என்று பறையறைவித்தான். மந்திரி சேந்தனார் வேண்டாம் என்று தடுத்துப் பார்த்தார். போட்டி இருந்தால்தான் வேலை நடக்கும் என்று ராஜா சிரித்தான்.

நடந்தது வேறு. ஒருவர் தமக்குத் தெரிந்ததைப் பற்றி இன்னொருவரிடம் மூச்சுவிடவில்லை. பிழைக்க மாட்டார் என்று தோன்றிய நோயாளியை அடுத்தவர் வாசலுக்கு அனுப்பிவைத்தார்கள். ஒரே மாதத்தில் நூறு பேருக்கு மேல் போய்விட்டார்கள். மூவரையும் ஒன்றாக உட்கார்ந்து பேசச் சொல்லி மந்திரி ஆளனுப்பினார். ஒருவரும் வரவில்லை.

பிறகு மந்திரி நம்பியைத் தனியாகச் சந்தித்தார். பட்டம் அவருக்குத்தான் என்றும், மற்ற இருவரும் தங்கள் கையில் செத்தவர்களை மறைக்கிறார்கள் என்றும், பெயரும் தெருவும் எழுதித் தந்தால் சபையில் அம்பலப்படுத்தலாம் என்றும் சொன்னார். இதையே ஹக்கீமிடமும் சொன்னார், பூவாயியிடமும் சொன்னார். அவரவர் நோயாளிகளைப் பற்றிக் கேட்டிருந்தால் ஒரு வரி கிடைத்திருக்காது. அடுத்தவர் குறை என்றதும் மூவரும் வெயில் பாராமல் வீடுவீடாக அலைந்தார்கள். மூன்றே நாளில் மூன்று ஓலைக்கட்டு வந்து சேர்ந்தது.

சபை கூடியது. ஊர் ஜனங்களையும் உள்ளே விட்டார்கள். மந்திரி கோலமாவால் தரையில் ஊரை வரைந்துவைத்திருந்தார். ஒவ்வொரு பெயரையும் வாசித்து, அந்தத் தெருவில் ஒரு புளியங்கொட்டை வைக்க வேண்டும் என்றார். மூவரும் முறைவைத்து, உற்சாகமாகவே வாசித்தார்கள்.

"நெசவாளர் தெரு வடிவு, ஹக்கீமின் கையில் செத்தாள்" என்று வாசித்துக் கொட்டையை வைத்தார் நம்பி. சற்று நேரத்தில் ஹக்கீம் தம் ஓலையைப் புரட்டி, "நெசவாளர் தெரு வடிவு, நம்பியின் கையில்" என்றார்.

மந்திரி கையை உயர்த்தி நிறுத்தினார். அவள் உண்மையில் யார் கையில் செத்தாள் என்று கேட்டார். இருவரும் ஒருவரையொருவர் சுட்டிக் காட்டினார்கள். கூட்டத்திலிருந்து வடிவின் புருஷன் அம்பலவாணன் முன்னால் வந்தான்.

"ரெண்டு பேர் கையிலும் இல்லைங்க. ஹக்கீம் ஐயா, நம்பி ஐயாகிட்ட போன்னார். நம்பி ஐயா கதவைத் திறக்கலை. திரும்பி வர்ற வழியில என் தோள்லயே போயிட்டா" என்றான்.

ஹக்கீம் ஓலையைக் கீழே வைத்தார். நம்பி தலையைக் குனிந்துகொண்டார். மிச்சப் பெயர்களை மந்திரியே வாசித்துக் கொட்டைகளை வைத்து முடித்தார். பார்த்தால், ஏறக்குறைய எல்லாமே, குடிதண்ணீர் எடுக்கும் தென்குளத்தைச் சுற்றிய தெருக்களில் குவிந்திருந்தன.

முதலில் வாய்திறந்தவர் ஹக்கீம். தென்குளத்துத் தண்ணீரைக் காய்ச்சிக் குடித்த வீடுகளில் நோய் இல்லை என்பதை முன்பே கவனித்ததாகவும், பட்டத்துக்காக அதை மறைத்ததாகவும் சொன்னார். உப்புப் போட்ட அரிசிக்கஞ்சியை விடாமல் புகட்டினால் பாதிப் பேர் தேறுவார்கள், என் வாசலுக்கு வந்தவர்களுக்கு மட்டுமே அதைக் கொடுத்தேன் என்று சொல்லிப் பூவாயி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

கடைசியில் நம்பி பேசினார். "அரண்மனைச் சாக்கடை தென்குளத்தில் கலப்பது எனக்குத் தெரியும், அரசே. சொன்னால் தங்களுக்குக் கோபம் வரும் என்று வாயை மூடிக்கொண்டேன்."

"சாக்கடையை அந்தப் பக்கம் திருப்பியவன் யார்?" என்று ராஜா எழுந்தான்.

மந்திரி சொன்னார்: "மேல்மாடத்தில் நாற்றம் வருகிறது என்று சித்திரையில் நீங்கள்தான் உத்தரவிட்டீர்கள், அரசே. எங்கே போய்ச் சேரும் என்று கேட்காமல் முத்திரை வைத்தவன் நான்."

ராஜா உட்கார்ந்துவிட்டான். பிறகு விரலிலிருந்த மோதிரத்தைக் கழற்றி, உண்மையை வெளியே கொண்டுவந்ததற்காக மந்திரியிடம் நீட்டினான். மந்திரி வாங்கவில்லை. இதே யோசனை தமக்கு ஒரு மாதம் முந்தி வந்திருக்கக்கூடாதா என்று மட்டும் சொன்னார். நம்பி தாமாகவே அரண்மனை வைத்தியர் பதவியை விட்டு இறங்கினார்.

அன்றே சாக்கடையை அடைத்தார்கள். கடைத்தெரு முனையில் ஒரு கொட்டகை போட்டு மூவரும் ஒன்றாக உட்கார்ந்தார்கள். காலையில் யாருக்கு என்ன கண்டது, யார் என்ன கொடுத்தது என்று பேசிவிட்டுத்தான் வைத்தியம் தொடங்கும். தெருவுக்குத் தெரு தண்ணீர் காய்ச்ச அண்டா வைத்தார்கள். கஞ்சிப் பக்குவத்தைப் பூவாயி சொல்ல, நம்பி தம் கையால் ஓலையில் எழுதி வீடுவீடாகக் கொடுத்தார். ஆவணி முடிவதற்குள் நோய் அடங்கியது.

அதற்குப் பிறகு ராஜா, துணைக்கு ஆளில்லாமல், தென்குளத்துத் தெருக்களில் ஒவ்வொரு வீடாக நடந்துபோய் மன்னிப்புக் கேட்டான். சிலர் அழுதார்கள். சிலர் காலில் விழ வந்தார்கள், தடுத்தான்.

அம்பலவாணன் தறியில் உட்கார்ந்திருந்தான். ராஜா வாசலில் நின்று, தான் செய்த தவறைச் சொல்லி, கைகூப்பினான். அம்பலவாணன் இழை அறுந்த இடத்தை முடிச்சுப் போட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தான்.

"சொன்னது கேட்டுச்சுங்க" என்றான். பிறகு நாடாவை ஓட்டத் தொடங்கினான்.

வேறு வார்த்தை வரும் என்று ராஜா கொஞ்ச நேரம் நின்றான். வரவில்லை. அடுத்த வீட்டுக்கு நடந்தான்.