மாசிலாமணிக்குத் தெரியாத பெயர்

மாசிலாமணிக்கு வயது ஐம்பத்தெட்டு. அவருடைய குரு பூங்கோதை அம்மாவுக்கு நாற்பதுகூட ஆகவில்லை. ஆற்றங்கரை மடத்துக்குப் புதிதாக வருகிறவர்கள் நேரே மாசிலாமணியிடம் போய்க் காலில் விழப் பார்ப்பார்கள். அவர் பதறிப்போய் அம்மா இருக்கும் பக்கம் கையைக் காட்டுவார். எல்லாம் அந்த வெள்ளைத் தாடி படுத்துகிற பாடு.

மடத்தில் ஒரு வழக்கம் உண்டு. அமாவாசை மாலையில் சீடர்கள் ஒவ்வொருவராக எழுந்து, தாங்கள் நோகடித்த ஒருவருடைய பெயரைச் சொல்ல வேண்டும். அந்தப் பெயரை நினைத்து எல்லோரும் சற்று நேரம் கண்மூடி இருப்பார்கள். ஆறு வருஷமாக மாசிலாமணி, இறந்துபோன தம்பியின் பெயரையே சொல்லி ஒப்பேற்றிக்கொண்டிருந்தார். தம்பிக்கும் அவருக்கும் பெரிதாகச் சண்டை ஒன்றும் இருந்ததில்லை. மனசில் இருந்தது வேறு ஆள்.

அந்த ஆளை ஒரு தடவையாவது பார்த்துவிட வேண்டும் என்ற ஏக்கம் இந்த ஐப்பசியில் தாங்க முடியாததாகிவிட்டது. அம்மாவிடம் சொல்லிக்கொண்டு பிறந்த ஊருக்குப் போனார். மூன்றாம் நாள், போனதைவிட மோசமாகத் திரும்பினார்.

அம்மா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார்.

"பாத்தீங்களா ஐயா?"

"கதவையே திறக்கலைம்மா. மத்தியானத்துலேருந்து பொழுது சாயற வரைக்கும் வாசல்ல நின்னேன். உள்ளே நடமாட்டம் கேக்குது. ஆனா திறக்கலை."

"யார் அவங்க?"

"என்கூட ஆறாவது படிச்சவ. சின்னப் புள்ளையில ஸ்டவ் வெடிச்சு ஒரு பக்கம் முகம் வெந்துபோச்சு. தீஞ்ச தோசைன்னு அவளுக்குப் பட்டப்பேர் வெச்சது நான்தான். வகுப்பே கூப்பிட்டுச்சு. அப்புறம் ஊரே கூப்பிட்டுச்சு. எட்டாவது பாதியில படிப்பை விட்டுட்டா. அவகிட்ட மன்னிப்புக் கேக்கணும்மா. வேற ஒண்ணும் வேணாம் எனக்கு."

"வீட்டை எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"டீக்கடையில விசாரிச்சேன்."

"என்னன்னு?"

"தீஞ்ச தோசைன்னு ஒரு பொண்ணு இருந்துச்சே, இப்ப எங்கே இருக்குன்னு கேட்டேன். உடனே புரிஞ்சுக்கிட்டாங்க. இப்ப தோசைப் பாட்டியாம். ரேஷன் கடை, கோயில் வாசல்னு கேட்டுக் கேட்டுத்தான் போனேன். தெருப் பிள்ளைங்க ஏழெட்டு, வழி காட்டறோம்னு முன்னாடி ஓடுச்சுங்க. வாசல்ல நின்னு, 'தோசைப் பாட்டி, உன்னைத் தேடி ஆள் வந்திருக்கு'ன்னு கத்துச்சுங்க."

சொல்லி முடித்த பிறகுதான், தான் சொன்னது அவர் காதிலேயே விழுந்தது. நாற்பத்தைந்து வருஷத்துக்கு முன்னால் செய்ததை முந்தாநாள் மறுபடியும் போய்ச் செய்துவிட்டு வந்திருந்தார். இந்தத் தடவை தாடியும் காவி வேட்டியுமாக.

அம்மா கீரை உருவுவதை நிறுத்தினார்.

"அவங்க பேர் என்ன ஐயா?"

மாசிலாமணி வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. தினமும் காலையில் வாத்தியார் கூப்பிட்ட பெயர்தான். "உள்ளேன் ஐயா" என்று எழுந்த அந்தச் சன்னக் குரல்கூட நினைவிருந்தது. பெயர் மட்டும் இல்லை.

அன்றைக்கு அமாவாசை. தன் முறை வந்ததும் மாசிலாமணி எழுந்தார். தம்பி பெயரைச் சொல்ல மனம் வரவில்லை. சும்மா நின்றார். யாராவது தடுமாறினால், அம்மா அடுத்தவரைப் பார்த்துத் தலையசைப்பதுதான் வழக்கம். அன்று அசைக்கவில்லை. முப்பது பேர் கண்மூடிக் காத்திருந்தார்கள். அவருக்குக் கால் கடுத்தது. சாம்பிராணி எரிந்து அணைந்தது. கடைசியில் அவராகவே உட்கார்ந்தார். அவமானம் அவரைப் பிடுங்கித் தின்றது.

மறுநாள் முதல் பஸ்ஸில் மறுபடி ஊருக்குப் போனார். பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியையிடம் கெஞ்சிக் கூத்தாடி, பரணில் கிடந்த பழைய பதிவேடுகளை இறக்க வைத்தார். தும்மித் தும்மி ஒரு பகல் முழுக்கப் புரட்டினார். அங்க அடையாளம் என்ற கட்டத்தில், இடது கன்னத்தில் தீக்காயம் என்று எழுதியிருந்த ஒரே ஒரு வரி கிடைத்தது. அதிலிருந்த பெயரை வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். அந்தத் தெருப் பக்கம் போகாமல் மடத்துக்குத் திரும்பினார்.

"அமுதவல்லி" என்றார் அம்மாவிடம். ஒப்பிக்கிற பிள்ளை மாதிரி கையைக் கட்டிக்கொண்டிருந்தார்.

"நல்ல பேர்" என்றார் அம்மா. "முகத்தை விட்டா, அவங்களைப் பத்தி வேற என்ன ஞாபகம் இருக்கு?"

மாசிலாமணி கட்டியிருந்த கையை இறக்கினார்.

"காலாண்டுப் பரீட்சையில என் பேனாவுல இங்க் தீந்துபோச்சு. யாரும் குடுக்கலை. அவங்கதான் திரும்பி, பெஞ்சு மேல நாலு சொட்டு விட்டாங்க. தொட்டுத் தொட்டு எழுதினேன். அதுக்கப்புறமும் அப்படித்தான்மா கூப்பிட்டேன்."

அம்மா ஒரு செம்புத் தண்ணீரை அவர் முன்னால் நகர்த்தி வைத்தார்.

"இப்ப பேர் தெரியுமேம்மா. பேரைச் சொல்லிக் கூப்பிட்டா கதவைத் திறப்பாங்களா?"

"தெரியாது ஐயா."

"திறக்கற வரைக்கும் வாசல்லயே உக்காந்திருக்கேன். எத்தனை நாளானாலும் சரி."

"நீங்க வாசல்ல உக்காந்திருந்தா, அவங்க தண்ணி பிடிக்க எப்படி வெளியே வருவாங்க?"

மாசிலாமணிக்குப் பொலபொலவென்று கண்ணீர் வந்தது. துடைக்கவும் தோன்றவில்லை.

"ஒரே ஒரு தடவை பாத்தாப் போதும்மா. நான் எங்கேதான் போறது?"

"கதவு அவங்களோடது ஐயா. அதை விட்டுடுங்க" என்றார் அம்மா. "உங்களுக்கு வழி காட்டின பிள்ளைங்ககிட்ட போங்க. அதுங்களுக்கும் அவங்க பேர் தெரியாது."