ஏழு பேரைக் கரை சேர்த்தவள்

சொல்லும்போதே எனக்கு வயிறு எரிகிற கதை இது, கேளுங்கள். மனிதர் பேச்சை மரங்களும் கேட்டுக்கொண்டிருந்த காலத்தில், வேங்கைநாட்டை ஓர் அரசன் ஆண்டான். கெட்டவன் இல்லை. ஆனால் அவனுக்கு எதுவும் அப்பழுக்கில்லாமல் இருக்க வேண்டும்.

"நல்லவர் என்றால் முழுக்க நல்லவர். ஒரு குறை இருந்தாலும் கெட்டவர். நடுவில் எதுவும் கிடையாது" என்று சட்டம் போட்டான். தொடங்கிய நற்செயலை முடிக்காதவரும் கெட்டவர்தான். அவர் நாட்டை விட்டே போக வேண்டும்.

விளைவு என்ன? நல்லது செய்யத் தொடங்கவே எல்லோரும் பயந்தார்கள். தாகமென்று வந்தவனுக்குத் தண்ணீர் ஊற்றக்கூட யோசித்தார்கள். பாதியில் குடம் காலியாகிவிட்டால்?

அந்த நாட்டில் வேம்பி என்ற பெண் பரிசல் ஓட்டிப் பிழைத்தாள். ஓர் ஐப்பசியில் திடீரென்று வெள்ளம் வந்தது. ஆற்றின் நடுத்திட்டில் எட்டுப் பேர் மாட்டிக்கொண்டார்கள். கரையில் ஊரே நின்றது. ஊர்த்தலைவர், வணிகர், நிலக்கிழார் மூவருக்கும் சொந்தப் படகு உண்டு. ஒன்றுகூட நகரவில்லை.

வேம்பி பரிசலைத் தள்ளினாள். முதல் முறை மூன்று பேரைக் கொண்டுவந்தாள். இரண்டாம் முறை மூன்று பேர். மூன்றாம் முறை பரிசலில் நீர் ஏறிவிட்டது. துடுப்புப் பிடித்த உள்ளங்கை தோலுரிந்துபோக, ஒரு கிழவரை மட்டும் கொண்டுவந்தாள். நான்காம் முறை போனபோது துடுப்பு ஒடிந்தது. திட்டில் மிச்சமிருந்த எட்டாவது ஆள், சடைச்சி என்பவளின் மகன், வேம்பியின் கண்ணெதிரே வெள்ளத்தோடு போனான்.

மறுநாள் வேம்பியை அரசனின் அவையில் நிறுத்தினார்கள். பிழைத்த ஏழு பேரும் சடைச்சியும் அங்கே உட்கார்ந்திருந்தார்கள். குற்றம் சாட்டியது யார் தெரியுமா? அந்த மூவர்!

"எட்டாவது ஆளை விட்டுவிட்டாள்" என்றார் ஊர்த்தலைவர். "அரைகுறை வேலை" என்றார் வணிகர். "நாங்கள் எதையும் தொடங்கவில்லை, எங்களிடம் குறையும் இல்லை" என்றார் நிலக்கிழார், வாய் கூசாமல். கால் நகம்கூட நனையாதவர்கள் பேசிய பேச்சு இது!

மூவரும் நல்லவர்கள் என்றான் அரசன். வேம்பி கெட்டவள், பொழுது சாய்வதற்குள் நாட்டை விட்டுப் போக வேண்டும்.

வேம்பிக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. போனவனின் முகம் இன்னும் அவள் கண்ணை விட்டு மறையவில்லை. அவனுக்காக இந்த மூவரும் ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டார்களா?

"மகாராசா, ஒண்ணு கேக்கறேன். நானும் கரையிலயே நின்னிருந்தா?"

"நல்லவள்தான்."

"ஒருத்தரை மட்டும் காப்பாத்தியிருந்தா?"

"கெட்டவள்."

"ஏழு பேரைக் காப்பாத்தினா?"

"அதுவும் கெட்டவள்தான்." அரசனின் குரல் இறங்கியிருந்தது.

"அப்ப சரி. இந்த ஏழு பேரையும் திரும்ப ஆத்துல விட்டுட்டு வந்துடறேன். நானும் இவங்களை மாதிரி நல்லவளாயிடுவேன்ல?" என்றவள், கிழவரின் கையைப் பிடித்தாள். "எந்திரிங்க, பெரியவரே!"

கிழவர் தூணைக் கட்டிக்கொண்டார்.

அப்போது சடைச்சி எழுந்தாள். வேம்பியைச் சபிக்கப் போகிறாள் என்றே எல்லோரும் நினைத்தார்கள்.

"என் பிள்ளைய இவ காப்பாத்தல. சாகற வரைக்கும் அதைச் சொல்லி அழுவேன், அது என் உரிமை. ஆனா அவன் கூப்பிட்டப்போ துடுப்பெடுத்தவ இவ ஒருத்திதான். இந்த மூணு பேரும் நல்லவங்கன்னா எனக்கு உங்க நாடே வேண்டாம், மகாராசா. நானும் இவகூடப் போறேன்."

கிழவர் தூணை விட்டுவிட்டு வந்து சடைச்சியின் பின்னால் நின்றார். மற்ற ஆறு பேரும் வந்து நின்றார்கள்.

அரசன் அரியணையிலிருந்து இறங்கினான். சட்டம் எழுதிய ஓலையைத் தன் கையாலேயே ஒடித்தான்.

"ஏழு பேர் அளவுக்கு நீ நல்லவள், தாயே. நான் எந்த அளவுக்கு என்று எனக்கே தெரியவில்லை" என்றான்.

ஆகவே கேட்டுக்கொள்ளுங்கள்: நன்மையில் கூடுதல் குறைச்சல் உண்டு, முடிந்த மட்டும் செய்தவரைக் குறை சொல்ல ஒன்றுமே செய்யாதவருக்கு உரிமை கிடையாது.