சிங்காரத்தின் பாய்

வடசென்னையில் ஒரு பேருந்து நிலையம். அங்கே ஓட்டுநர்களின் ஓய்வறையில் பிலோமினா டீச்சர் மூச்சுப்பயிற்சி சொல்லிக்கொடுத்து வந்தார். சீடர்களில் பாதிப் பேர் அவரைவிட வயதில் மூத்தவர்கள். காக்கிச் சட்டையோடு பாயில் உட்கார்ந்து மூக்கைப் பிடித்துக்கொள்வார்கள். மூச்சு விடுவதிலும் பக்கத்துப் பாயை ஓவர்டேக் எடுக்கப் பார்ப்பார்கள்.

ஒருநாள் டிரைவர் மாசிலாமணி மூக்கைப் பிடிக்காமல் உம்மென்று உட்கார்ந்திருந்தார்.

"என்னண்ணே, பிரேக் டவுனா?" என்றார் டீச்சர்.

"நெஞ்சுல ரத்தக்குழாய் ஒண்ணு பாதி அடைச்சிருக்காம்." மாசிலாமணி டாக்டரைப் போலவே மூக்கால் பேசிக் காட்டினார். "'சிகரெட்டா? தண்ணியா? ரெண்டும் இல்லையா? அப்புறம் எப்படிங்க வந்துச்சு?' எனக்கே தெரிஞ்சா நான் ஏன் சார் உங்ககிட்ட வரப்போறேன்?"

வழக்கமாக அவர் குரல் மாற்றினாலே அறை குலுங்கும். அன்று யாரும் சிரிக்கவில்லை. அவருக்குப் பக்கத்துப் பாய் காலியாகக் கிடந்தது.

அது சிங்காரத்தின் பாய். அவரும் டிரைவர்தான். போன மாதம் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கும்போது படியிலேயே சாய்ந்தவர் எழவே இல்லை. ஹார்ட் அட்டாக் என்றார்கள். அதற்குமேல் யாரும் எதுவும் கேட்கவில்லை.

"சிங்காரம் பீடிகூடத் தொட்டதில்ல டீச்சர். என் நெஞ்சுக்கு எந்தப் பயிற்சின்னு சொல்லுங்க. எதுவானாலும் செய்யறேன். அவன் பக்கத்துல போய் உட்கார எனக்கு ஒண்ணும் அவசரமில்ல."

டீச்சர் தலையைத் திருப்பிக் காது கொடுத்தார். ஜன்னலுக்கு வெளியே டுபுடுபுடுபு என்று ஒரு சத்தம்.

"அது யார் வண்டி?"

"என்னோடதுதான்."

"ஓடுதா?"

"நிக்குது. இன்ஜின் மட்டும் ஓடுது. செல்ஃப் மோட்டார் வீக். அணைச்சா திரும்ப எடுக்காது. இங்க எல்லா வண்டியும் அப்படித்தான்."

"சிங்காரம் வண்டி?"

"அதுவும்தான்."

டீச்சர் சிங்காரத்தின் பாயைச் சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டு வெளியே நடந்தார். எல்லோரும் பின்னால் போனார்கள். மாசிலாமணியின் வண்டிக்குப் பின்னால், புகைக்குழாய்க்கு நேராகப் பாயை விரித்துச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"இன்னைக்கு வகுப்பு இங்கதான். உட்காருங்க. பீடி தொடாத நெஞ்சையும் அடைக்கிற புகை இது. மூச்சை நல்லா ஆழமா இழுங்க."

இழுத்தார். இருமினார். கண்ணில் நீர் வந்தது. மறுபடி இழுத்தார்.

கண்டக்டர் ஜாபர் ஓடி வந்தார். "டீச்சரம்மா, என்ன இது? மொதல்ல எழுந்திரிங்க. உள்ள போயிடும் புகை."

நாலடி தள்ளி மல்லிகை கட்டிக்கொண்டிருந்த பூக்காரி அஞ்சலை நிமிர்ந்து பார்த்தாள்.

"நல்லாருக்கே கதை. நான் வருசக்கணக்கா இங்கயேதான் உட்கார்ந்திருக்கேன். ஒருத்தராச்சும் என்னை எழுந்திரின்னு சொன்னீங்களா?"

மாசிலாமணி அஞ்சலையைப் பார்த்தார். பாயைப் பார்த்தார். பிறகு வண்டியில் ஏறி இன்ஜினை அணைத்தார்.

பக்கத்துச் சத்தம் அடங்கியதும் அஞ்சலையின் இருமல் தனியாகக் கேட்டது. அவளுக்கு இருமல் இருப்பதே அன்றைக்குத்தான் பலருக்குத் தெரிந்தது.

"அணைச்சிட்டேன் டீச்சர்," என்று ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார் மாசிலாமணி. "டிரிப்புக்கு நேரமாச்சு. லேட்டானா மெமோ. இப்ப எப்படி எடுக்கிறது?"

டீச்சர் எழுந்து பாயைச் சுருட்டி அஞ்சலையிடம் கொடுத்தார். முந்தானையை இடுப்பில் செருகினார். பேருந்தின் முதுகில் இரண்டு கையையும் வைத்தார்.

"நீங்க கியரைப் போடுங்கண்ணே."

சீடர்கள் ஒவ்வொருவராக வந்து தோள் கொடுத்தார்கள். ஜாபர் விசிலை ஊதினார். வண்டி நகர்ந்தது, குலுங்கியது, உயிர் பெற்றது.

"தினமுமா டீச்சர் தள்ளுவீங்க?" என்று கத்திக்கொண்டே போனார் மாசிலாமணி.

டீச்சர் மூச்சு வாங்கத் திரும்பினார். வரிசையாக நின்ற மற்ற வண்டிகள் டுபுடுபு என்று நடுங்கிக்கொண்டிருந்தன.

"அடுத்தது யார் வண்டி?" என்றார்.