உறையாத பால்

சளக், சளக்கென்று ஒரு சத்தம். சேற்றில் யாரோ காலை ஊன்றி ஊன்றி எடுப்பதுபோல. தொழுவத்தில் சாணம் அள்ளிக்கொண்டிருந்த பொன்னுரங்கம் நிமிர்ந்தார். மடத்துச் சமையலறையிலிருந்துதான் வந்தது.

கையைக் கழுவிவிட்டுப் போய்ப் பார்த்தார். சாமி பானைக்கு முன்னால் உட்கார்ந்து மத்தால் கடைந்துகொண்டிருந்தார்.

சாமிக்கு வயது நாற்பதுகூட இருக்காது. சீடர் பொன்னுரங்கத்துக்கு அறுபதை நெருங்கிவிட்டது. பஸ்ஸில் டிக்கெட் கிழித்துக் காலம் தள்ளியவர். மனைவி போனபிறகு இந்த மலையடி மடத்துக்கு வந்துவிட்டார். மடத்தின் ஒரே பசுவான செங்கமலம் அவர் பொறுப்பு.

பானைக்குள் எட்டிப் பார்த்தார்.

"என்ன சாமி, தயிரே ஆகலையே. இதைப் போய்க் கடையறீங்க?"

"ராத்திரியே உறை ஊத்தினேன்."

"மோருக்குப் புளிப்புப் பத்தலையோ என்னமோ."

"அந்தச் சட்டியில இருக்கிறது கடைப் பால். அதே மோர்தான். கத்தி போட்டு வெட்டலாம்போல உறைஞ்சிருக்கு. இது நம்ம செங்கமலத்தோட பால். சுத்தமாயிடுச்சுன்னு நேத்து நீங்கதான் கொண்டாந்து வெச்சீங்க."

பொன்னுரங்கம் சட்டியையும் பானையையும் மாறி மாறிப் பார்த்தார்.

செங்கமலத்துக்கு மடி வீங்கி, மாட்டு டாக்டர் ஊசி போட்டிருந்தார். தான் திரும்ப வந்து பார்த்துச் சொல்லும்வரை பாலைக் குழியில் கொட்டச் சொன்னார். வழக்கமான வைக்கோலையும் தவிட்டையும் மாற்ற வேண்டாம் என்றும் சொல்லியிருந்தார்.

"வைக்கோல்தானே போட்டீங்க?"

"அகத்திக்கீரை சாமி."

"அது மட்டுமா?"

"அது மட்டுந்தான். அகத்தி மருந்தை முறிச்சிடும்னு சொல்வாங்கல்ல? மருந்து முறிஞ்சா பாலும் சீக்கிரம் சுத்தமாயிடுமேன்னு கட்டுக்கட்டா வாங்கிப் போட்டேன். பாலைக் குழியில கொட்டக் கை வரலை. அமாவாசைன்னா ஊரே மாட்டுக்கு அகத்தி கொடுக்குது. நான் கொடுத்தது தப்பா சாமி?"

"மருந்து சாப்பிடறவங்க அகத்தி சேர்க்கக் கூடாதுங்கறாங்களே, எதுக்கு?"

"மருந்து வேலை செய்யாதுன்னு."

"அப்போ, நீங்க நினைச்ச மாதிரியே முறிஞ்சிருந்தா, அந்த மடி எப்படி ஆறும்?"

பொன்னுரங்கத்துக்குக் காது சுட்டது. இத்தனை நாளும் பாலைத்தான் நினைத்திருந்தார். மடி ஒரு தடவைகூட நினைவுக்கு வரவில்லை.

"இப்பத்தான் டாக்டருக்குப் போன் போட்டேன்" என்றார் சாமி. "மாடு தண்ணியாக் கழியுது, வைக்கோலைத் தொடலைன்னேன். வயித்தைக் கெடுத்துட்டீங்களே, இரை எடுக்காத மாட்டுக்கு மருந்து உள்ளேயே தங்கிடும், பால்ல அது வர்றது நிக்க இன்னும் நாளாகும்னு சத்தம் போட்டார். இந்தப் பால் வெளியே யாருக்காவது போச்சா?"

"இல்லை சாமி."

வாசலில் ஒரு குரல் கேட்டது.

"அய்யா! பால்கார அய்யா!"

அடிவாரத்தில் பூ விற்கிற செவந்தி. இடுப்பில் குழந்தை, கையில் தூக்குவாளி.

"இன்னும் கொஞ்சம் ஊத்துங்கய்யா. புள்ளைக்கு உடம்பெல்லாம் தடிச்சுத் தடிச்சு நிக்குது. போன மாசம் ஆஸ்பத்திரியில ஊசி போட்டப்போ வந்த மாதிரியே. சாமி வாயால நல்லதுன்னு சொன்ன பாலாச்சே, குடிச்சா அடங்கிடும்னு ஓடியாந்தேன்."

சாமி பொன்னுரங்கத்தைப் பார்த்தார். பொன்னுரங்கம் தரையைப் பார்த்தார்.

மாட்டுக்குச் சுகமில்லையாமே என்று முந்தின நாள் அவள் தயங்கித்தான் நின்றாள். "சாமியே சொல்லிட்டார், எடுத்துட்டுப் போம்மா" என்று இவர்தான் ஊற்றிக் கொடுத்தார். "உங்களைக் கையெடுத்துக் கும்பிடணும்யா" என்றாள். அந்த ஒரு வார்த்தையோடு இரவு நன்றாகத் தூங்கியிருந்தார்.

மத்து நின்றது. சாமி எழுந்து வாசலுக்குப் போனார்.

"ஆமாம்மா, நான்தான் சொன்னேன். தப்பாச் சொல்லிட்டேன். மாட்டுக்குப் போட்ட மருந்து அந்தப் பால்ல இருக்கு. இனி ஒரு சொட்டுக் கொடுக்காதே. நேரா ஆஸ்பத்திரிக்குப் போ. ஊசி போட்ட மாட்டோட பாலைக் குடிச்சுதுன்னு முதல்ல அதைச் சொல்லு."

செவந்திக்கு முகம் மாறியது.

"தெரியாத விஷயத்துல எதுக்குய்யா வாயை விடறீங்க? காவியைச் சுத்திக்கிட்டா எல்லாம் தெரிஞ்சிடுமா? பச்சப்புள்ளைய்யா இது!"

வாளியை விட்டெறிந்துவிட்டு, குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஆட்டோ நிற்கும் பக்கம் ஓடினாள். சாமி தலையைக் குனிந்தபடி நின்றிருந்தார்.

"சாமி" என்றார் பொன்னுரங்கம். "நான் சொன்ன பொய்யை எதுக்கு நீங்க தலையில போட்டுக்கிட்டீங்க?"

சாமி குனிந்து தூக்குவாளியை எடுத்தார். ஒரு பக்கம் ஒடுங்கியிருந்தது.

"குழந்தைக்கு அவசரம், அய்யா. உங்ககிட்டேயிருந்து உண்மை வெளியே வர நேரமாகும்போல இருந்தது."

பொன்னுரங்கம் கையை நீட்டி வாளியை வாங்கிக்கொண்டார். சட்டைகூடப் போடாமல் அவள் போன திசையில் ஓடினார்.

திரும்பி வரும்போது பொழுது சாய்ந்திருந்தது.

"தடிப்பு அடங்கிடுச்சு சாமி. புள்ளை வீட்டுல தூங்குது." சாமியை நிமிர்ந்து பார்த்தார். "சொன்னது நீங்க இல்லை, நான்தான்னு சொல்லிட்டேன்."

"என்ன சொன்னா?"

"ஒண்ணும் சொல்லலை. வாளியை வாங்கிட்டுக் கதவைச் சாத்திட்டா."

சாமி தொழுவத்துப் பக்கம் திரும்பினார்.

"செங்கமலம் மடி கட்டி நிக்குது, அய்யா" என்றார்.

பொன்னுரங்கம் தொழுவத்துக்குப் போனார். வாடிக் கிடந்த அகத்திக்கட்டை ஓரமாக ஒதுக்கிவிட்டு, வைக்கோலை உதறிப் போட்டார். பசு மோந்து பார்த்தது. ஒரு வாய் எடுத்தது. வெந்நீரில் துணியை நனைத்து, வீக்கம் இருந்த பக்கத்தை நோகாமல் துடைத்தார். குத்துக்காலிட்டு உட்கார்ந்து கறந்தார்.

பிறகு நுரை தளும்பிய செம்பைத் தூக்கிக்கொண்டு குழிப் பக்கம் நடந்தார்.