கேரியரில் ஒரு பரங்கிக்காய்

உக்காருங்க, உக்காருங்க. அங்க பெல்லை அடிச்சுக்கிட்டிருக்கிறது யாரு? நிறுத்து. சைக்கிளையெல்லாம் மரத்துல சாச்சு வச்சாச்சுல்ல? அப்ப வாயையும் அப்படியே சாச்சு வைங்க. முறுக்கு வச்சிருக்கவங்க ஊற வச்சுத் தின்னுங்க, கடிச்சா கதை காதுல விழாது. ஆச்சா? ம்.

ஆடுதுறைப் பக்கம், காவிரிக்கரையில, கலியமூர்த்தின்னு ஒரு பஸ் டிரைவர். முப்பது வருசம் பிரைவேட் பஸ் ஓட்டுனாரு. ஓட்டுனாருன்னா சொல்றது? விட்டாரு! ‘பாம்ம்ம்! பப்பப்ப பாம்!’ அந்தச் சத்தம் கேட்டா கோழி மட்டுமில்ல, உள்ள இருக்கிற முட்டையும் சேந்து ரோட்ட விட்டு எறங்கிடும்.

அவரு சம்சாரம் தையல்நாயகி. அந்தம்மா பேசி ஊர்ல யாரும் கேட்டதில்ல. இவரு வாய மூடுனாத்தானே அடுத்தவங்க பேச!

பஸ்சுல ஏறுனவங்களுக்கெல்லாம் அவரு சொல்ற கதை ஒண்ணு உண்டு. கல்யாணமான வருசம். மேட்டூர் தொறந்து, காஞ்சு கெடந்த ஆத்துல புதுத்தண்ணி வருது. மணல்ல அது நம்ம நடக்குற வேகத்துக்குத்தான் ஊர்ந்து வரும். தையல்நாயகி ஆசையா ஒண்ணு கேட்டுச்சு.

“ஏங்க, தண்ணி கூடவே கரையோரமா சைக்கிள்ல போயி, அது கடல்ல சேர்றதப் பாக்கணுங்க.”

“இவ்ளோதானா? ஏறு!”

கேரியர்ல ஏத்திக்கிட்டு மிதிச்சாரு பாருங்க, கால் மணி நேரத்துல தண்ணி எங்கயோ பின்னாடி. இவரு பேசிக்கிட்டே போறாரு. குத்தாலத்துல நிறுத்தி, “மாஸ்டர், ரெண்டு டீ”ன்னு வாங்கி, ஒரு கிளாசப் பின்னாடி நீட்டுறாரு. வாங்க ஆளில்ல. கேரியர் காலி.

அடிச்சுப் புடிச்சுத் திரும்பி வந்தா, கதிராமங்கலம் தாண்டி ஒரு மதகு. எவனா இருந்தாலும் அந்த மேட்டுல வேகம் கொறைஞ்சுதான் ஏறணும். அந்த மதகுக் கட்டையில அந்தம்மா உக்காந்திருக்கு, தண்ணி வர்ற தெசையப் பாத்துக்கிட்டு. மேல ஒரு சிராய்ப்பு கெடையாது. எந்திரிச்சுச்சு, நடந்தே வீட்டுக்குப் போயிருச்சு.

“பொண்டாட்டி விழுந்தது தெரியாம அஞ்சு மைலு போனவன்யா நானு! அம்புட்டு ஸ்பீடு!”ம்பாரு. பஸ்சே குலுங்கிச் சிரிக்கும். அந்தம்மா மொத சீட்டுல உக்காந்திருந்தாலும் ஜன்னலத்தான் பாக்கும்.

அதுக்கப்புறம் முப்பத்தோரு வருசம், அவரு கேரியர்ல அது உக்காரவே இல்ல. வருசா வருசம் புதுத்தண்ணி வரும். படித்துறையில ரெண்டு பூவப் போட்டுக் கும்புட்டுட்டு, அது போற தெசைய ஒரு பார்வை பாத்துட்டு, வீட்டுக்கு வந்துரும்.

பஸ் சாவிய ஓனருகிட்டக் குடுத்துட்டு வீட்ல உக்காந்தப்பதான் கலியமூர்த்தி அந்தப் பார்வையப் பாத்தாரு. இந்த வருசம் கூட்டிக்கிட்டுப் போயிரணும்னு சைக்கிளத் தொடச்சு, எண்ணெயெல்லாம் விட்டு வாசல்ல நிறுத்துனாரு.

“தையலு, தண்ணி கூடப் போவமா? பூம்புகாரு வரைக்கும். மூணு நாளானாலும் சரி.”

அந்தம்மா அவரப் பாத்துச்சு. கேரியரப் பாத்துச்சு. உள்ள போயிருச்சு.

தண்ணி வந்து சேர இன்னும் எட்டு நாளு.

அந்த ஊர்ல மங்கையர்க்கரசின்னு ஒரு தபால்காரம்மா. முப்பத்தாறு வயசு. கரையோரமா சைக்கிள்லதான் கடுதாசி குடுக்கும். பொங்கலுக்கு ஸ்லோ சைக்கிள் ரேஸ் விடுவாங்கல்ல, கால ஊனாம கடைசியா வர்றவங்களுக்குப் பரிசுன்னு? ஒம்பது வருசமா கப்பு அதோட வீட்டுலதான். கலியமூர்த்தி நேரா அங்க போனாரு.

“குருவே!”

“யாரண்ணே கூப்புடுறீங்க?” மங்கை பின்னாடி திரும்பிப் பாத்துச்சு. பின்னாடி ஒரு ஆடுதான் நின்னுச்சு.

“ஒன்னத்தாம்மா. மெதுவாப் போறது எப்புடி? சொல்லிக் குடு. ஒரு ஆளு விழாம கேரியர்ல கொண்டுபோவணும்.”

“யாரு?”

“என் பொண்டாட்டி.”

மங்கை கூரையில படர்ந்து கெடந்த கொடியிலேருந்து ஒரு பரங்கிக்காயப் பறிச்சு, அவரு கேரியர்ல வச்சுச்சு.

“மதகு வரைக்கும் போயி, இதத் திரும்பக் கொண்டாங்க.”

“கயிறு?”

“கயிறு கெடையாது.”

“ப்பூ! போலாம் ரைட்!”

போனாரு. வந்தாரு.

“காய் எங்கண்ணே?”

“விழுந்துருச்சு குருவே.”

“எங்க விழுந்துச்சு?”

“அது... தெரியல.”

“சரி. நாளைக்கு இன்னொண்ணு.”

ரெண்டாம் நாளும் அதே கேள்வி, அதே முழி. மூணாம் நாளு வேகத்தடைகிட்ட ஒரு பொம்பள கூடையோடவே நிக்குது. “அண்ணே, நேத்து வந்தது நல்ல இனிப்பு. இன்னிக்குக் கொஞ்சம் சின்னதாப் போடுங்க, வீட்ல நாங்க ரெண்டு பேருதான்!” அந்த வாரம் ஆத்தங்கரை பூரா பரங்கிக்காக் கூட்டு. ஒரு வீட்ல அல்வாவே கிண்டிட்டாங்க.

அஞ்சாம் நாளு ஒரு பக்கமா நசுங்கிப்போன காயக் கையில ஏந்திக்கிட்டு வந்தாரு.

“எங்க விழுந்துச்சு?”

“மூணாவது பாலத்துல. எடது பக்கமா சாஞ்சுச்சு. கைய நீட்டுனேன், நழுவிருச்சு.”

மங்கை மொதத் தடவையா சிரிச்சுச்சு. “காய் போனாப் போவுது. விலாசம் வந்துருச்சுல்ல.”

ஏழாம் நாளு காலையில போனவரு, வெயில் சாயத்தான் வந்தாரு. கேரியர்ல முழுக்காய். மூஞ்சியெல்லாம் பல்லு.

“குருவே! இதுகிட்டக் கேட்டுக் கேட்டுல்ல கொண்டாந்தேன்! ‘சரியா இருக்கியா? பள்ளம் வருது, பதமா உக்காரு’ன்னு வழியெல்லாம் பேச்சு. பாக்குறவனெல்லாம் எனக்குப் பேய் புடிச்சிருச்சுன்னு நெனச்சுட்டான்!”

“காய் என்னண்ணே சொல்லுச்சு?”

“அது எங்க சொல்லும்? அதான் நிமிசத்துக்கொரு தரம் திரும்பிப் பாக்க வேண்டியிருக்கு.”

“வீட்டுக்குக் கொண்டுபோயி அக்காகிட்டக் குடுங்க.”

தையல்நாயகி காயக் கையில வாங்கி ஒரு சுத்து சுத்திப் பாத்துச்சு.

“இத எதுல வச்சுக் கொண்டாந்தீங்க?”

“கேரியர்ல.”

“கட்டியா?”

“கட்டாம.”

இன்னொரு சுத்து சுத்திப் பாத்துச்சு. ஒரு அடி இல்ல, கீறல் இல்ல. அன்னிக்கு ராச்சாப்பாட்டுல கூட்டு கொஞ்சம் தாராளமாவே விழுந்துச்சு.

மறுநாள் ஞாயித்துக்கிழம. விடியுறப்பவே கரையில கூச்சல், “தண்ணி! தண்ணி!” நுரையத் தள்ளிக்கிட்டு, சருகச் சுமந்துக்கிட்டு வருது. நாயெல்லாம் அதப் பாத்துக் குலைக்குது, கிட்ட வந்ததும் வால மடக்கிக்கிட்டுப் பின்னால போவுது. தையல்நாயகி பூவப் போட்டுச்சு. ஒரு பையில மாத்துப் புடவையோட வந்திருந்துச்சு! கலியமூர்த்தி கேரியரத் துண்டால தொடை, தொடைன்னு தொடைக்கிறாரு. அந்தம்மா நேராப் போயி, தண்ணி பாக்க சைக்கிளோட வந்திருந்த மங்கை கேரியர்ல உக்காந்துருச்சு.

“என்னம்மா இது?”

மங்கை மிதிக்க ஆரம்பிச்சுருச்சு. “வாங்கண்ணே, வாங்க.”

ஆத்துல தண்ணி, கரையில ரெண்டு சைக்கிள். ஒரு பக்கம் நாத்தங்கால், ஒரு பக்கம் மூங்கில் கொத்து. மதகு வர்ற வரைக்கும் மேடு ஏது, பள்ளம் ஏது, எங்க பாத்தாலும் தட்டையா பூமி. காத்து முதுகத் தள்ளுது. இவருக்குக் காலு சும்மா இருக்குமா? முன்னால போவாரு, நாக்கக் கடிச்சுக்கிட்டுத் திரும்பி வருவாரு.

“நிறுத்தும்மா”ங்கும் தையல்நாயகி. மங்கை நிறுத்தும். கீரி ஒண்ணு தண்ணி குடிச்சுச்சு. பாத்தாங்க, கெளம்பினாங்க. “நிறுத்தும்மா.” நிறுத்துச்சு. ஒத்தச் செருப்பு ஒண்ணு ராசா மாதிரி மெதந்து வந்துச்சு. ரெண்டு பேரும் சிரிச்ச சிரிப்புல மூங்கில்ல இருந்த கொக்கு பறந்துருச்சு. இவளுக்கு இப்படிச் சிரிக்கத் தெரியுமான்னு கலியமூர்த்தி வாயப் பொளந்து பாத்தாரு.

மதகுகிட்ட வந்ததும் தண்ணி நின்னுருச்சு.

“குருவே, ஏன் நின்னுருச்சு?”

“ஆத்துல பள்ளம் இருக்குண்ணே.”

“எப்பக் கெளம்பும்?”

“ரொம்புனதும்.”

மங்கை சைக்கிள விட்டு எறங்குச்சு. “அண்ணே, என் தபால் எல்லை இந்த மதகோட சரி. இதுக்கு மேல நீங்க கூட்டிக்கிட்டுப் போங்க.”

கலியமூர்த்திக்கு வேர்த்துருச்சு. மதகுல பூப் போட வந்த கூட்டம் வேற நிக்குது. கூட்டத்தப் பாத்தா அவரு வாய் சும்மா இருக்குமா? “இஞ்சதாங்க! முப்பத்தோரு வருசத்துக்கு முந்தி இதே எடத்துலதான் இவ விழுந்தா!”ன்னு ஆரம்பிச்சாரு. யாரும் சிரிக்கல. அவருக்கே சுருதி எறங்கிருச்சு.

“குருவே, கடைசியா ஒண்ணே ஒண்ணு. இவ திரும்பவும் விழாம இருக்க நான் என்ன செய்யணும்?”

“என்னய ஏண்ணே கேக்குறீங்க? அதான் பரங்கிக்காகிட்டயே கேட்டீங்களே.”

கலியமூர்த்தி திரும்புனாரு. தையல்நாயகி அவரு கேரியர்ல உக்காந்து, முந்தானைய இழுத்துச் சொருகிக்கிட்டு இருந்துச்சு. எப்ப வந்து உக்காந்துச்சுன்னு யாருக்கும் தெரியாது.

முப்பத்தோரு வருசத்துல மொதத் தடவையா, அவரு சத்தமில்லாம கேட்டாரு.

“அன்னிக்கு ஏம்மா விழுந்தே?”

மொத்தக் கூட்டமும் அந்தம்மா வாயப் பாத்துச்சு.

“நான் எங்கங்க விழுந்தேன்? நிறுத்துங்க, நிறுத்துங்கன்னு மூணு தடவ சொன்னேன். மதகு வந்துச்சு, எறங்கிட்டேன். இப்ப ஏறியாச்சு. பள்ளம் ரொம்பிருச்சு பாருங்க, மிதிங்க.”